காவலுக்குக் கூலி யார் தருவது?

(மேற்கு சிட்னியில் நடந்த தமிழ் அன்பர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதாமாதம் சந்தா கட்டி 'அடையாளத் திருட்டுப் பாதுகாப்பு' என்ற சேவையை வாங்கலாமா என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூடத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. அந்தச் சேவைகள் விற்பதில் உண்மையிலேயே பயனுள்ள பகுதி, இந்த நாட்டின் சட்டப்படி உங்களுக்கு ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது. இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதையும், யாருக்கெல்லாம் அந்தச் சந்தா உதவக்கூடும் என்பதையும், முடிவில் இந்தச் செலவு நியாயமாக யார் தலையில் விழவேண்டும் என்பதையும் பேசப் போகிறேன்.

இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது 2022 செப்டம்பரில். ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அன்றைய, பழைய வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 98 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் 21 லட்சம் பேருக்கு லைசென்ஸ், பாஸ்போர்ட், மெடிகேர் போன்ற அடையாள ஆவண எண்களும் வெளியே போயின. அடுத்த மாதமே மெல்போர்னைத் தலைமையிடமாகக் கொண்ட மருத்துவக் காப்பீட்டு நிறுவனமான மெடிபேங்க். அங்கே 97 லட்சம் பேர். 2023 மார்ச்சில் லாட்டிட்யூட் நிதி நிறுவனம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக ஒரு கோடியே நாற்பது லட்சம் பதிவுகள், அவற்றில் 79 லட்சம் லைசென்ஸ் எண்கள். 2024-இல் மின்மருந்துச் சீட்டு நிறுவனமான மெடிசெக்யூர். ஒரு கோடியே இருபத்தொன்பது லட்சம் பேர். 2025-இல் குவாண்டஸ் விமான நிறுவனம், 57 லட்சம் வாடிக்கையாளர்கள். ஏறக்குறைய இரண்டே முக்கால் கோடி மக்கள்தொகை கொண்ட நாட்டில் இந்த எண்களை அடுக்கிப் பார்த்தால், இங்கே சில ஆண்டுகளாவது வாழ்ந்த எவருடைய விவரமும் எங்கோ ஓரிடத்தில் கசிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதே விவேகம்.

ஆப்டஸ் அன்று என்ன செய்தது? மிகுதியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 'ஈக்விஃபேக்ஸ் புரொடெக்ட்' என்ற கண்காணிப்புச் சேவையைப் பன்னிரண்டு மாதங்களுக்கு இலவசமாகத் தந்தது. பலர் அப்படி ஒரு பண்டம் இருப்பதையே அப்போதுதான் அறிந்தார்கள். ஒரு வருடம் முடிந்தபின் காசு கொடுத்துத் தொடரலாமா என்ற கேள்வி எழுந்தது. உங்கள் பிறந்த தேதி பன்னிரண்டு மாதத்தில் காலாவதி ஆவதில்லை. திருடியவன் அவசரப்படுவதும் இல்லை. வாழ்நாள் முழுக்க நீடிக்கும் ஓர் ஆபத்துக்கு வருடச் சந்தா எவ்வளவு தூரம் ஈடாகும் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2021 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் தொண்ணூற்றைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். வந்திறங்கிய முதல் மாதத்தில் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வாடகை வீடு, வேலை என்று எங்கு போனாலும் பாஸ்போர்ட்டை நீட்டுகிறோம். 'நூறு புள்ளி' சேர்க்க பாஸ்போர்ட்டுக்கு எழுபது, லைசென்ஸுக்கு நாற்பது என்று கணக்குப் போட்டு, இருக்கும் எல்லா ஆவணங்களையும் படமெடுத்து அனுப்புகிறோம். வென்ட்வொர்த்வில்லிலோ கிளேட்டனிலோ ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் விண்ணப்பித்தால், பத்துப் பேருடைய ஆவணங்களும் முகவரின் கணினியில் தங்குகின்றன. வீடு கிடைப்பதோ ஒருவருக்குத்தான். டிக்கெட் போடும் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட் படம், பகிர்ந்து குடியிருக்கும் மாணவர் வீட்டில் பூட்டில்லாத தபால் பெட்டி. இவையெல்லாம் நம் அன்றாடம்.

இன்னொன்றும் உண்டு. நம் பெயர்கள். தகப்பன் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். சில ஆவணத்தில் முன்னே வரும், சிலவற்றில் பின்னே. திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் சேரும். பாஸ்போர்ட்டில் ஒரு வடிவம், லைசென்ஸில் ஒரு வடிவம். கடன் தகவல் நிறுவனங்களில் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புகள் உருவாக இந்தக் குழப்பம் போதும். ஒரு வடிவத்தின் மேல் வைத்த கண்காணிப்பு, மற்ற வடிவத்தில் நடப்பதைத் தவறவிடக் கூடும். ஆகவே விளம்பரத்தில் சொல்லும் முழுப் பாதுகாப்பு நமக்கு இன்னும் கொஞ்சம் குறைவாகவே பொருந்தும்.

இனி அந்தச் சேவைகளைப் பிரித்துப் பார்ப்போம். எந்த நிறுவனத்தின் பொதியை எடுத்தாலும் உள்ளே பெரும்பாலும் நான்கு சரக்குகள்தான்.

முதலாவது, கடன் கோப்பு எச்சரிக்கை. உங்கள் பெயரில் யாராவது கடனுக்கு விண்ணப்பித்தால் உங்களுக்குக் குறுஞ்செய்தி வரும். பயனுள்ளதுதான். ஆனால் விண்ணப்பம் போனபின் வரும் செய்தி அது. கதவைத் திறந்து போட்டுவிட்டு, யாரோ நுழைந்ததும் அடிக்கும் மணியை வாங்குவது போன்றது. கதவுக்கே பூட்டு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் கடன் தடை, ஆங்கிலத்தில் கிரெடிட் பேன். 1988-ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டமே அந்த உரிமையை நமக்குத் தருகிறது, காசில்லாமல். ஈக்விஃபேக்ஸ், இலியன், எக்ஸ்பீரியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களும் உங்கள் கடன் விவரத்தை உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் எந்தக் கடன் நிறுவனத்துக்கும் காட்டக் கூடாது என்பதே தடையின் பொருள். கோப்பைப் பார்க்க முடியாத வங்கி, பொதுவாகக் கடனும் தராது. ஒரு நிறுவனத்திடம் விண்ணப்பித்து, மற்ற இரண்டுக்கும் அனுப்பச் சொன்னால் போதும். முதலில் 21 நாள். அது முடியும் முன்பே கேட்டால், ஆபத்து நீடிக்கும்வரை நீட்டித்துக்கொள்ளலாம்.

மூன்று நிறுவனங்களிடமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. ஒரு மாதம் ஒன்றிடம், அடுத்த மாதம் இன்னொன்றிடம் என்று சுற்றில் வாங்கினால் ஆண்டு முழுவதும் மாதமொரு அறிக்கை கையில் இருக்கும். பெயரின் இரண்டு வடிவங்களும் ஒரே கோப்பில் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துச் சேர்க்கச் சொல்லலாம்.

இரண்டாவது சரக்கு, இருள்வலைக் கண்காணிப்பு. உங்கள் மின்னஞ்சலோ லைசென்ஸ் எண்ணோ திருடர் சந்தையில் தென்பட்டால் சொல்வார்கள். மின்னஞ்சலைப் பொறுத்தவரை, டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் இதே வேலையை இலவசமாகச் செய்கிறது. உலகெங்கும் அரசுகளே அதைப் பயன்படுத்துகின்றன. தவிரவும், எண் கசிந்துவிட்டது என்ற செய்தியால் என்ன பயன்? அதை வெளியிலிருந்து திரும்பப் பிடுங்கிவர எவராலும் இயலாது. நீங்கள் செய்யக்கூடியது எண்ணை மாற்றுவதுதான். நியூ சவுத் வேல்ஸில் லைசென்ஸ் எண் மாறாது, ஆனால் புதிய அட்டை வாங்கினால் அட்டை எண் மாறும். விக்டோரியாவில் 2022 நவம்பர் முதல் அட்டையின் பின்பக்கம் அந்த எண்ணை அச்சிடுகிறார்கள். இணையத்தில் ஆளைச் சரிபார்க்க இப்போது இரண்டு எண்களும் வேண்டும் என்பதால், புதிய அட்டை வந்ததும் திருடனிடம் இருக்கும் பழைய விவரம் பெருமளவு செல்லாமல் போகிறது. ஆப்டஸ் கசிவின்போது நியூ சவுத் வேல்ஸில் அந்த அட்டைக்குக் கட்டணம் 29 டாலர், ஒரே ஒரு முறை.

மூன்றாவது, சிக்கல் வந்தால் உடன் நின்று உதவும் ஆள். மனம் உடைந்திருக்கும் நேரத்தில் இது பெரிய ஆறுதல் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் குவீன்ஸ்லாந்தின் சன்ஷைன் கோஸ்ட்டிலிருந்து இயங்கும் ஐ.டி.கேர் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2014 முதல் இதைத்தான் பொதுமக்களுக்கு இலவசமாகச் செய்துவருகிறது. யாரை முதலில் அழைப்பது, எந்த ஆவணத்தை முதலில் மாற்றுவது, வங்கிக்கு எப்படி எழுதுவது என்று உங்கள் நிலைமைக்கு ஏற்றபடி ஒவ்வொரு படியாகச் சொல்வார்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசு தன் மக்களுக்காக 'ஐ.டி. சப்போர்ட்' என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. அரசு அலுவலகத்தோடு பேச ஆங்கிலம் தடையாக இருந்தால், 131 450 என்ற எண்ணில் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் பெயரில் குற்றம் நடந்து பெயர் கெட்டிருந்தால், நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்று நீதிபதியிடமே சான்றிதழ் பெறவும் கூட்டரசுச் சட்டத்தில் இடமிருக்கிறது. இவ்வளவு இருந்தும் நம் சனங்களில் பலருக்கு இது தெரியவில்லை என்பதே என் கவலை.

நான்காவது, காப்பீடு. பெரிய தொகை சொல்வார்கள். அது எதற்கு என்று ஆவணத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். இத்தகைய காப்பீடுகள் பெரும்பாலும் அடையாளத்தை மீட்க ஆகும் செலவுகளுக்கானவை. வழக்கறிஞர் கட்டணம், விடுப்பு எடுத்ததால் போன சம்பளம் போன்றவை. வேறெங்காவது ஈடு கிடைக்கும் இழப்புக்கு அவை பணம் தருவதில்லை. உங்கள் தவறில்லாமல் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனால், மின்பணப் பரிவர்த்தனை நெறிமுறையை ஏற்ற வங்கி அதைத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. நீங்களே ஏமாந்து அனுப்பிய பணத்துக்கு இந்தக் காப்பீடு கைகொடுக்கும் என்று எண்ணிச் சேராதீர்கள்.

இதுவரை சொன்னது, கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பது. கிடைக்காதது எது என்பது இன்னும் முக்கியம். கடன் கோப்பைக் காவல்காக்கும் எந்தச் சேவையின் கண்ணிலும் படாத மூன்று இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, வரி. உங்கள் விவரங்களை வைத்துப் அரசின் இணையச் சேவையான மைகவ்வில் போலியாக ஒரு கணக்கைத் திறந்து, அதை உங்கள் வரிக் கோப்போடு இணைத்து, உங்கள் பெயரில் திருத்திய கணக்கைத் தாக்கல்செய்து, திரும்பவரும் பணத்தைத் தன் வங்கிக்கு மாற்றிக்கொள்ளும் மோசடி இந்நாட்டில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. கடன் கோப்பில் இதன் சுவடே விழாது. வரி அலுவலகத்தின் செயலியில் கணக்கைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. மைகவ் கணக்கில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பாஸ்கீ வைத்துக்கொள்ளும் வழி 2024 முதல் இருக்கிறது. இரண்டுக்கும் காசு இல்லை.

இரண்டு, ஓய்வூதியச் சேமிப்பு, நாம் சூப்பர் என்று சொல்வது. 2025 ஏப்ரலில் வேறெங்கோ திருடிய கடவுச்சொற்களை வைத்துப் பல சூப்பர் நிதிகளைத் தாக்கினார்கள். ஆஸ்திரேலியன்சூப்பர் நிதியில் நான்கு உறுப்பினர்கள் சேர்ந்து ஐந்து லட்சம் டாலர் இழந்தார்கள். ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்திருந்தவர்களைக் குறிவைத்த தாக்குதல் அது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஓய்வுக்குப் பின் சூப்பர் கணக்கைப் பார்ப்பதே அரிது. பிள்ளைகளே, அவர்களோடு அமர்ந்து கடவுச்சொல்லை மாற்றி, இரண்டாம் சரிபார்ப்பை இயக்கிக் கொடுங்கள். எந்தச் சந்தாவையும்விட அது பெரிய காவல்.

மூன்று, செல்பேசி எண். உங்கள் எண்ணைத் திருடன் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடெல்லாம் அவனிடம் போகும். 2020-இல் வந்த விதிகளால் இது கடினமாகியிருக்கிறது. இருந்தும், திடீரென்று போனில் சிக்னல் அறவே இல்லாமல் போனால் உடனே வேறொரு போனிலிருந்து உங்கள் நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள்.

இவற்றுக்கெல்லாம் அப்பால் மெடிபேங்க் விவகாரம் இருக்கிறது. கப்பம் கட்ட அந்த நிறுவனம் மறுத்தபின், திருடர்கள் நோயாளிகளின் சிகிச்சை விவரங்களைக் கட்டம்கட்டமாக வெளியிட்டார்கள். போதைப்பழக்கச் சிகிச்சை, மனநலச் சிகிச்சை, கருக்கலைப்பு என்று பிரித்துப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெண்ணுக்கு எந்தக் கடன் எச்சரிக்கை உதவும்? நம் சமூகத்தில் ஊர்வாய்க்கு எவ்வளவு அஞ்சுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். காசு கொடுத்து மூட முடியாத காயங்கள் இருக்கின்றன.

சரி, சந்தா யாருக்குத்தான் பொருந்தும்? கசிவுக்குக் காரணமான நிறுவனமே காசு கட்டித் தந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடன் அட்டை எண்ணைக் கேட்காமல் தருகிறார்களா என்று மட்டும் பாருங்கள். வீட்டுக் கடனுக்கு அலைந்துகொண்டிருப்பவரால் தடை போட்டுவைக்க முடியாது. தடை இருக்கும்வரை புதுக் கடன் கிடைக்காது, செல்பேசித் திட்டம்கூடச் சிக்கலாகும். அந்தச் சில மாதங்களுக்கு எச்சரிக்கைச் சேவை வாங்குவதில் நியாயம் உண்டு. ஒருமுறை அடிபட்டு, தூக்கம் கெட்டு, நாள்தோறும் தானே பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர் மன அமைதிக்காக வாங்கினால் அதையும் குறைசொல்லமாட்டேன். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

தெரியாமல் வாங்கவைத்த வரலாறும் இருக்கிறது. 2018-இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், ஈக்விஃபேக்ஸ் 35 லட்சம் டாலர் அபராதம் கட்டும்படி கூட்டரசு நீதிமன்றம் உத்தரவிட்டது. காசு கொடுத்து வாங்கும் கடன் அறிக்கை, இலவச அறிக்கையைவிட முழுமையானது என்று மக்களை நம்பவைத்ததும், ஒருமுறைக் கட்டணம் போலக் காட்டி ஆண்டுதோறும் தானாகப் புதுப்பித்ததும் அங்கே உறுதியான சட்டமீறல்கள். அமெரிக்காவில் லைஃப்லாக் என்ற நிறுவனத்தின் தலைவர் டாட் டேவிஸ், தம் சேவையில் அவ்வளவு நம்பிக்கை என்று தம் சமூகப் பாதுகாப்பு எண்ணையே விளம்பரத்தில் அச்சிட்டார். அந்த எண்ணை வைத்து அவர் பெயரிலேயே பலமுறை மோசடி நடந்தது. மிகைப்படுத்திய வாக்குறுதிகளுக்காக 2010-இல் அந்நிறுவனம் ஒரு கோடியே இருபது லட்சம் டாலரும், அந்த உத்தரவை மீறியதற்காக 2015-இல் பத்துக் கோடி டாலரும் கட்டியது. மேலும், கண்காணிக்கச் சொல்லி லைசென்ஸ், பாஸ்போர்ட், அட்டை எண்களை எல்லாம் நாம் இன்னொரு நிறுவனத்திடம்தான் ஒப்படைக்கிறோம். 2017-இல் அமெரிக்காவில் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்தே 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் களவுபோனது.

இப்போது, என் மனத்தை அதிகம் உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். லாட்டிட்யூட் கசிவில் போன பதிவுகளில் 61 லட்சம், 2005 வரை பின்னோக்கிப் போகும் பழைய பதிவுகள். வட்டியில்லாத் தவணையில் சோபாவோ தொலைக்காட்சியோ வாங்க என்றோ நீட்டிய ஆவணங்கள். கடன் அடைந்தது, சோபா தேய்ந்து குப்பைக்குப் போனது, ஆவணம் மட்டும் நிறுவனத்தின் கணினியில் இருந்தது. அதை வைத்திருந்தது அவர்கள் முடிவு. சரியாகக் காக்காததும் அவர்கள் பொறுப்பு. அப்படியிருக்க, காவலுக்கான மாதக் கூலியை வாடிக்கையாளர் தன் பையிலிருந்து ஏன் தர வேண்டும்?

சட்டம் இப்போதுதான் விழித்துவருகிறது. 2022 டிசம்பரில் தனியுரிமை மீறலுக்கான உச்ச அபராதத்தை ஐந்து கோடி டாலர், அல்லது அதற்கும் மேல் என்று உயர்த்தினார்கள். மெடிபேங்க் மீது 2024-இலும் ஆப்டஸ் மீது 2025-இலும் தகவல் ஆணையர் வழக்குத் தொடுத்தார். தனியுரிமைச் சட்டத்தின்கீழ் முதல் அபராதம் 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியன் கிளினிக்கல் லேப்ஸ் மீது விழுந்தது. 2,23,000 பேரின் விவரங்கள் கசிந்ததற்கு 58 லட்சம் டாலர். ஓர் ஆளுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 26 டாலர், அதுவும் அரசுக் கருவூலத்துக்கு. மாதம் பதினைந்து டாலர் என்று ஒரு சந்தாவை வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 180. காவலைத் தவறவிட்ட நிறுவனம் ஆளுக்கு 26, களவு கொடுத்தவர் வருடந்தோறும் 180 என்றால், இந்தத் தராசு நேராக இல்லை. பயந்துபோய் நாம் கட்டும் ஒவ்வொரு சந்தாவும், இது தனிமனிதர் பிரச்சினை என்ற எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது. அதனால்தான் இதை வீட்டுச் செலவுக் கணக்காக மட்டும் நான் பார்க்கவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது வீட்டுக்கு. இந்த வாரம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். உடனடியாகக் கடன் வாங்கும் எண்ணம் இல்லை, விவரம் கசிந்திருக்கிறது என்றால் கடன் தடை போடுங்கள். கசிந்த லைசென்ஸை மாற்றுங்கள். வரிச் செயலி, மைகவ், சூப்பர், மின்னஞ்சல் நான்கையும் பூட்டுங்கள். தபால் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் அம்மம்மா, புதிதாக வந்த மாணவர் என்று இன்னும் ஒருவருக்காவது இதைச் செய்துகொடுங்கள்.

இரண்டாவது பொது இடத்துக்கு. வீட்டு முகவரோ கடையோ பாஸ்போர்ட் நகல் கேட்டால், பார்த்துவிட்டுத் திருப்பித் தரமுடியுமா, வைத்துக்கொண்டால் எப்போது அழிப்பீர்கள் என்று கேளுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும் ஆவணத்தை அழிக்கச் சொல்லி மின்னஞ்சல் எழுதுங்கள். நம் சங்கங்களும் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் வைத்திருக்கும் உறுப்பினர் பட்டியலுக்கும் இதே கேள்வி பொருந்தும். தேவையற்றதை நாமே முதலில் அழித்துக் காட்டுவோம். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதும்போது, கசியவிட்ட நிறுவனமே பாதிக்கப்பட்டவரின் புதிய ஆவணச் செலவையும் உதவிச் செலவையும் முழுக்க, காலவரம்பு இல்லாமல் ஏற்கவேண்டும் என்று சட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். தொண்ணூற்றைந்தாயிரம் பேர் கேட்டால் அந்தக் குரல் கான்பெராவுக்குக் கேட்கும்.